கடன் கொடுத்தவர் கேட்ட கையெழுத்து

1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, 1882-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டப்படி பதிவானது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுக்க முடியாமல் கதவைச் சாத்தியது. முன்னதில் பங்கு வாங்கியவர், கம்பெனி மூழ்கினால் பங்குக்குப் போட்ட பணத்தை மட்டுமே இழப்பார். பின்னது பெயரளவில்தான் கம்பெனி. சட்டத்தின் கண்ணில் அது சில பங்காளிகள் சேர்ந்து நடத்திய கூட்டு வணிகம். வீடு வாசல் உட்பட அத்தனையும் கொண்டு கடனுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் அவர்கள். முதல் நிகழ்ச்சியை விடுதலைப் போராட்ட வரலாற்றிலும் இரண்டாவதை வங்கி வரலாற்றிலும் வைத்துத் தனித்தனியே படிப்பது நம் வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தென்படுகிறது. ஒரு சிறு தொழில் எந்தச் சட்ட வடிவத்தில் நடக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தீர்மானித்தவர் தொழில் தொடங்கியவர் அல்லர். அவருக்குப் பணம் கொடுத்தவர். தனி உரிமையா, பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா, பிரைவேட் லிமிடெட்டா என்று ஆடிட்டர் முன் உட்கார்ந்து இன்று கேட்பவருக்கு வரி விகிதம், பதிவுச் செலவு, பொறுப்பின் வரம்பு என்று மூன்று கணக்குகள் சொல்லப்படுகின்றன. மூன்றும் தேவையான கணக்குகளே. ஆனால் முந்நூறு ஆண்டுச் சான்றுகள் காட்டுவது, அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதை: பணம் யாருடையது, அவர் யாருடைய கையெழுத்தைக் கேட்பார்?

பங்கு போட்டுத் தொழில் செய்யும் முறை வெள்ளைக்காரன் சட்டத்தோடு 19-ஆம் நூற்றாண்டில்தான் இங்கே இறங்கியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. சோழமண்டலக் கரையில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே உள்ளூர் வணிகர் பங்குத்தொகை போட்டு நடத்திய கூட்டுகள் இருந்தன. இலங்கைத் தமிழரான வரலாற்றாய்வாளர் சின்னப்பா அரசரத்தினம் போன்றோர் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் ஆவணங்களிலிருந்து இவற்றை வெளிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்துத் துணி வியாபாரம் முழுக்க முன்பணத்தில் நடந்தது. ஐரோப்பியக் கம்பெனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளருக்குக் கொடுப்பார். மாதக்கணக்கில் கழித்துத் துணி வரும். இடையில் வணிகர் நொடித்தாலோ இறந்தாலோ பணம் முடங்கும். சென்னையில் ஆங்கிலேயரின் தலைமை வணிகராக இருந்த காசி வீரண்ணா 1680-இல் இறந்தபின், ஒரே ஒருவரை நம்பியிருந்த ஏற்பாட்டை மாற்றி, பல வணிகரைப் பங்குதாரராகச் சேர்த்த கூட்டு ஒன்றை ஆங்கிலேயர் அமைத்தார்கள். டச்சுக்காரர் இதே முறையை அதற்கு முன்பே கையாண்டிருந்தனர். பார்வைக்கு இது நவீனக் கம்பெனி போலவே இருக்கிறது. உள்ளே பார்த்தால் நேர் எதிர். இந்தக் கூட்டு வணிகரின் பொறுப்பைக் குறைப்பதற்காக உண்டாக்கப்படவில்லை. ஒருவர் பாக்கிக்கு மற்றவரையும் பிடிப்பதற்காக உண்டாக்கப்பட்டது. வணிகர் யாரும் விண்ணப்பம் போட்டு இந்த வடிவத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. முன்பணம் கொடுத்தவர் சொன்னார், அவர்கள் சேர்ந்தார்கள். பின்னால் வந்த பலவற்றுக்கும் இதுவே முன்மாதிரி.

இதே தர்க்கத்தின் மிகச் செம்மையான வடிவத்தை நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் காணலாம். அவர்களுடைய லேவாதேவி, எழுத்துகளால் ஆன ஒரு விலாசத்தின் பெயரில் நடந்தது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ மூன்றாண்டுத் தவணையில் போன ஏஜெண்டு, முதலாளி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு கடையை நடத்துவார். கடையில் புழங்கும் பணம் முழுதும் முதலாளியின் முதல் பணம் அன்று. உறவினர் போட்டது, கோயில்களும் தர்மங்களும் போட்டது, ஆச்சிமார் பணம், பிற விலாசங்களிடம் நடப்பு வட்டிக்கு வாங்கியது என்று பல கைகளின் பணம் அது. இவர்களெல்லாம் எதை நம்பிப் போட்டார்கள்? விலாசத்துக்குப் பின்னால் நிற்கும் குடும்பத்தின் முழுச் சொத்தையும், அந்தக் குடும்பம் தன் நகரக்கோயிலுக்குள்ளும் பங்காளி வட்டத்துக்குள்ளும் தலை காட்ட வேண்டும் என்ற கட்டாயத்தையும். சட்டமும் அதற்கு ஒத்துழைத்தது. தந்தை பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற இந்துச் சட்டக் கோட்பாடு அன்று நீதிமன்றங்களில் உயிரோடு இருந்தது. கடன் ஒழுக்கக்கேடான காரியத்துக்காக வாங்கியதாக இல்லாவிட்டால், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கும் அதற்குக் கட்டுப்படும். ஆக, விலாசத்துக்குக் கடன் கொடுத்தவருக்கு அடுத்த தலைமுறையும் எழுதாத ஜாமீன். பொறுப்புக்கு வரம்பு கட்டுகிறேன் என்று ஒரு முதலாளி 1890-இல் சொல்லியிருந்தால், அவருடைய விலாசத்தின் மதிப்பு அன்று மாலையே இறங்கியிருக்கும்.

ஐரோப்பியரின் வங்கிகளும் அவர்களை அதே திசையில்தான் தள்ளின. பாங்க் ஆஃப் மெட்ராஸ் முதலான மூன்று மாகாண வங்கிகளைக் கட்டுப்படுத்திய 1876-ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தின் பேரில் கடன் கொடுக்க அவற்றுக்குத் தடை போட்டது. கைச்சீட்டின் பேரில் கொடுப்பதானால், ஒருவரோடொருவர் பங்காளிகளாக இல்லாத இரண்டு நபர்களின் அல்லது இரண்டு நிறுவனங்களின் பொறுப்பு வேண்டும் என்றது. இந்த ஒரு விதியின் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பம் தன் தொழில் அனைத்தையும் ஒரே நிறுவனமாகத் திரட்டினால் கிடைப்பது ஒரு கையெழுத்து. பாகம் பிரிந்து தனித்தனி விலாசங்களாக நின்றால் ஒருவர் சீட்டில் மற்றவர் கையெழுத்துப் போடலாம். வங்கி பணம் தரும். நகரத்தார் தொழில் ஏன் ஒரு பெரிய கம்பெனியாகத் திரளாமல் நூற்றுக்கணக்கான விலாசங்களாகவே நின்றது என்பதற்குப் பண்பாட்டுக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. வங்கிச் சட்டத்தின் இந்த விதியையும் அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி, வரம்புள்ள பொறுப்பு என்ற சரக்கு எப்படி வந்தது என்று பார்க்கலாம். இந்தியாவில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் முதல் சட்டம் 1850-இல் வந்தது. அதில் பொறுப்புக்கு வரம்பில்லை. 1857-இல் வரம்பு கிடைத்தது, ஆனால் வங்கிகளுக்கு இல்லை. வங்கிகளுக்கு அது 1860-இல் கிடைத்தது. 1866-லும் 1882-லும் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. கம்பெனி தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். எதிர்ப்பக்கத்தில், வங்கித் தொழிலில் பத்துப் பேருக்கு மேலும் மற்றத் தொழில்களில் இருபது பேருக்கு மேலும் சேர்ந்தால் பதிவு கட்டாயம். வடிவங்களுக்கு இடையில் சட்டம் போட்ட வேலி, அந்நாளில், தலை எண்ணிக்கைதான். ஏழு பேர் என்ற நிபந்தனையே சொல்லிவிடுகிறது இது யாருக்காக எழுதப்பட்டது என்பதை. ஆலை, இரயில், தேயிலைத் தோட்டம் என்று ஒருவர் கைப்பணத்தில் ஆகாத காரியங்களுக்கு, முகம் தெரியாதவர்களின் பணத்தைத் திரட்ட எழுதப்பட்ட சட்டம் அது. மளிகைக் கடைக்காரரை மனத்தில் வைத்து யாரும் அதை எழுதவில்லை.

சுதேசிக் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனாருக்கு வேண்டியிருந்தது சரியாக அதுவே. தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழியைத் தன் கைக்குள் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியோடு மோத வேண்டுமானால் கப்பல் வேண்டும். வாடகைக் கப்பல்களை நம்பி ஒரு முறை கைச்சூடு பட்டாயிற்று. எதிரி கொடுத்த நெருக்கடியில் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். சொந்தக் கப்பல் வாங்கும் அளவுக்குப் பணம் எந்த விலாசத்திடமும் தனியே கேட்டுப் பெற முடியாதது. எனவே ஆயிரக்கணக்கானவரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்ட வேண்டும். பங்கை 25 ரூபாயில் வைத்தது அதற்காகத்தான். 25 ரூபாய் போடுகிற வக்கீலோ ஆசிரியரோ கடைக்காரரோ, கப்பல் மூழ்கினால் தன் வீடும் ஏலத்துக்குப் போகும் என்றால் போடுவாரா? வரம்புள்ள பொறுப்பு அந்த இடத்தில் ஆடம்பரம் அன்று. அது இல்லாமல் வசூலே இல்லை. கம்பெனியின் தலைவராகப் பாண்டித்துரைத் தேவர் இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் கொடுத்தார். வெகுமக்கள் கம்பெனி என்று நாம் நினைவில் வைத்திருப்பதன் மூலதனத் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே வணிகரின் பெட்டியிலிருந்து வந்தது என்பதும் மறக்கக்கூடாத செய்தி. எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரிக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது; அரசு வ.உ.சி.யை 1908 மார்ச்சில் சிறை வைத்தது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சுதேசிக் கம்பெனி அழிந்ததே, அப்படியானால் அந்த வடிவத்தால் என்ன பயன்? அழிவுக்குக் காரணம் வடிவம் அன்று. எதிரியின் பணபலமும் அரசின் அடக்குமுறையும். வடிவம் செய்ய வேண்டியதைச் செய்தது: முன்பின் அறியாதவர்களின் பணத்தை ஒன்று சேர்த்தது. அது செய்யாததும் ஒன்று உண்டு. நெருக்கடி வந்தபோது கம்பெனியைத் தாங்கிப் பிடிக்க, தன் முழுச் சொத்தையும் பணயம் வைத்த ஒரு குடும்பம் அதற்குப் பின்னால் இல்லை. பங்குதாரர் இழப்பதற்கு வரம்பு இருந்தது போலவே அவர்கள் தாங்குவதற்கும் வரம்பு இருந்தது. பொறுப்பைக் குறைத்தால் பணம் அகலமாக வரும், ஆழமாக நிற்காது. இந்தப் பேரத்தைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

அர்பத்நாட் கம்பெனிக்குத் திரும்புவோம். அதில் பணம் போட்டிருந்தவர்கள் ஓய்வூதியம் பெற்றவர்கள், விதவைகள், வக்கீல்கள், கோயில்கள் என்று ஆயிரக்கணக்கானோர். பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பில்லை என்பதால் சட்டப்படி அவர்கள் பணத்துக்கு இருந்த பாதுகாப்பு மிகப் பெரியது. நடந்தது என்ன? இலண்டன் பக்கத்துப் பங்காளி மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு மஞ்சள் கடுதாசிதான் மிச்சம். வரம்பில்லாப் பொறுப்பு என்பது பங்காளியிடம் உள்ள சொத்தின் அளவுக்குத்தான் பெறும். அந்தச் சொத்து ஏற்கெனவே இலண்டன் ஊகவணிகத்தில் கரைந்திருந்தால் பொறுப்பு வெறும் சொல். நகரத்தார் விலாசத்துக்கும் இதற்கும் சட்டப்படி வேறுபாடு சொற்பம்; நடப்பில் பெரிது. விலாசத்தில் பணம் போட்டவர் அந்தக் குடும்பத்தின் நிலபுலன், சம்பந்தம், வரவு செலவு எல்லாம் அறிந்த உறவினர். அர்பத்நாட்டில் பணம் போட்டவர் வெள்ளைக்காரப் பெயரையும் கட்டடத்தையும் பார்த்துப் போட்டவர். கூட்டு வணிகம் தன் கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. பதிவான கம்பெனி உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பொறுப்புக்கு வரம்பு வேண்டுமா, கணக்கைத் திற என்பதே கம்பெனிச் சட்டத்தின் உள்ளே இருக்கும் பண்டமாற்று.

இந்தப் பண்டமாற்றைச் சென்னை உடனே புரிந்துகொண்டது. அர்பத்நாட் வீழ்ச்சியில் பணம் இழந்தவர்கள் பக்கம் வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தாரின் பணமும் சேர, இந்தியன் வங்கி 1907-இல் லிமிடெட் கம்பெனியாகப் பதிவாகி அந்த ஆண்டு ஆகஸ்டு 15 அன்று திறக்கப்பட்டது. வரம்பில்லாப் பொறுப்பில் சூடுபட்டவர்கள் வரம்புள்ள பொறுப்பை நோக்கிப் போனது வேடிக்கையாகத் தோன்றலாம். கணக்கு தெரியாத பெரிய பொறுப்பைவிடக் கணக்கு தெரிந்த சிறிய பொறுப்பே மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதே சுழலில் ஆட்டங்கண்ட பின்னி கம்பெனியை ஜேம்ஸ் மக்கே தரப்பினர் எடுத்துக்கொண்டு லிமிடெட் ஆக்கினார்கள். பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன இந்த மக்கே, தூத்துக்குடியில் வ.உ.சி. எதிர்த்து நின்ற அதே கப்பல் கம்பெனியை நிர்வகித்த மெக்கினன் மெக்கன்சியின் முதன்மைப் பங்காளி. அந்த ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும். கப்பல் கம்பெனி லிமிடெட். அதை ஆண்ட ஏஜென்சி ஒரு சிலரின் கூட்டு வணிகம். தூத்துக்குடியில் அதன் முகவரான ஏ அண்டு எஃப் ஹார்வி, அண்ணன் தம்பியின் கூட்டு. அவர்கள் நடத்திய கோரல் மில் முதலிய ஆலைகளோ லிமிடெட் கம்பெனிகள். ஊரார் பணம் இருக்கும் இடத்தில் வரம்பு, சொந்த ஆதிக்கம் இருக்கும் இடத்தில் கூட்டு. மேனேஜிங் ஏஜென்சி எனப்பட்ட இந்த முறை 1970 ஏப்ரலில் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நீடித்தது.

கூட்டுக் குடும்பமும் சாதிக் கட்டுமானமும்தான் தமிழ் வணிகரை நவீனக் கம்பெனியிலிருந்து தள்ளி வைத்தன என்று சொல்வோர் உண்டு. எனக்கு இது ஒப்புக்கொள்ள முடியாத வாதம். 1904-இல் கும்பகோணம் வங்கி, 1916-இல் கரூர் வைசியா வங்கி, 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி, 1937-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. இவை அத்தனையும் லிமிடெட் கம்பெனிகள். அத்தனையும், எந்தச் சமூகங்கள் குடும்பத்தை விட்டு வெளியே வரவில்லை என்று குறை சொல்லப்படுகிறதோ, பெரும்பாலும் அவர்களே தொடங்கியவை. ஊரார் வைப்புத்தொகை வேண்டியபோது அவர்கள் கம்பெனி தொடங்கினார்கள். அதே ஆட்கள் தங்கள் மஞ்சள் மண்டியையும் ஜவுளிக் கடையையும் குடும்பப் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். தெரியாமல் செய்ததில்லை, எது எதற்கு என்று தெரிந்து பிரித்தது. மண்டிக்குச் சரக்கு அனுப்புபவர் முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார்; அவருக்கு முத்திரை வேண்டியதில்லை.

சட்டமும் மெல்ல மெல்லச் சிறியவர் பக்கம் இறங்கி வந்தது. 1896 நவம்பரில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏரன் சாலமன் என்ற செருப்புத் தயாரிப்பாளர் தன் தொழிலை ஒரு கம்பெனிக்கு விற்றார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை, மீதி ஆறும் மனைவி மக்கள் பெயரில். ஏழு என்ற எண்ணிக்கை நிறைந்துவிட்டது. இது வெறும் கண்கட்டு என்று கீழ் நீதிமன்றங்கள் சொன்னதைப் பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்றது. ஒரு குடும்பத் தொழிலும் கம்பெனி ஆகலாம் என்பதற்கு அங்கே கதவு திறந்தது. இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் பிரைவேட் கம்பெனியைக் கொண்டுவந்து, ஏழு பேரை இரண்டு பேராகக் குறைத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நபர் கம்பெனியை அனுமதித்தது. ஏழு, இரண்டு, ஒன்று. நூறாண்டில் வேலி முற்றிலும் இறக்கப்பட்டாயிற்று. இடையில் 2000-இல் புகுத்திய ஒரு இலட்சம் ரூபாய் குறைந்தபட்ச மூலதனமும் 2015-இல் நீங்கியது. கூட்டு வணிகத்தை விடச் சற்றுப் பாதுகாப்பும் கம்பெனியை விடச் சற்று எளிமையும் வேண்டும் என்போருக்கு 2008-இல் எல்எல்பி சட்டம் வந்தது.

வேலி இறங்கியும் கூட்டம் உள்ளே பாயவில்லை. 2015–16-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, கம்பெனியாகப் பதிவாகாத சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் நாட்டில் 6.34 கோடி என்றது. அவற்றில் 96 விழுக்காடு தனி உரிமையில் இருந்தன. கம்பெனிகளை அந்தக் கணக்கெடுப்பு எண்ணவில்லை என்பதால் இந்த விகிதத்தை மொத்தத் தொழில்களுக்கும் பொருத்தக் கூடாது. ஆயினும் 6 கோடி என்ற எண்ணிக்கை கம்பெனிப் பதிவேட்டை மிகச் சிறியதாக்கிவிடுகிறது. 1932-இல் வந்த கூட்டு வணிகச் சட்டம் இந்த உலகத்தை நன்கு அறிந்து எழுதியது போல இருக்கும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம் தன் பாக்கிக்காக வெளியார் மேல் வழக்குப் போட முடியாது என்று 69-ஆம் பிரிவு மிரட்டும். பத்திரத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் இலாபம் சமமாகப் பிரியும். ஒரு பங்காளி இறந்தால் கூட்டு கலையும். முத்திரைத்தாளில் பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. 1960, 70-களில் திருப்பூரில் பனியன் தொழிலாளராக இருந்தவர்கள் பலர் முதலாளிகளானது இந்தக் கதவு வழியாகத்தான். முதல் போட வழியில்லாதவரும் உழைப்பைப் போட்டுப் பங்காளி ஆக அந்தச் சட்டத்தில் இடமிருந்தது. ஆய்வாளர் ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட நூல் இந்தக் கூட்டுகளை விரிவாக ஆராய்கிறது. மெஷினுக்கு முன்னால் தானே நிற்கும் பங்காளியை நம்பித்தான் அங்கே சரக்கும் பணமும் கைமாறின.

வலுவான மறுப்பு வரியைப் பற்றியது. வடிவத்தைத் தீர்மானித்தது கடன் அன்று, வருமான வரி என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள்; அவர்கள் கையில் சான்றும் இருக்கிறது. 1973–74-இல் தனிநபர் வருமானத்தின் உச்ச வரி, மேல்வரியும் சேர்த்து, 97.75 விழுக்காடு. ஒரே தொழிலை மனைவி, மகன், தம்பி பெயர்களில் பல நிறுவனங்களாகப் பிரித்துப் போட்டதும், இந்துக் கூட்டுக் குடும்பத்தைத் தனி வரிதாரராகக் காட்டியதும் அந்தக் காலத்து நடைமுறை. ஆனால் அந்தப் பிரிவினை எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். கூட்டு வணிகத்துக்கு மேல் கூட்டு வணிகம் பிறந்ததே தவிர, அத்தனையிலும் பொறுப்பு வரம்பில்லாததாகவே இருந்தது. அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டவர் அதே முதலாளி. வரி நிறுவனங்களின் எண்ணிக்கையை மாற்றியது, தன்மையை மாற்றவில்லை. இன்றோ ஆண்டுக்கு 400 கோடி ரூபாய்க்கு உட்பட்ட விற்றுமுதல் உள்ள கம்பெனிக்கு வரி 25 விழுக்காடு, விலக்குகளை விட்டுக்கொடுத்தால் 22. கூட்டு வணிகத்துக்கும் எல்எல்பிக்கும் 30. வரிதான் எல்லாம் என்றால் கூட்டு வணிகங்கள் இந்நேரம் காலியாகியிருக்க வேண்டும்.

காலியாகாததற்குக் காரணம் வங்கி மேலாளரின் மேசையில் இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி கடன் கேட்டுப் போனால், இயக்குநர்களின் தனிப்பட்ட ஜாமீன் கேட்கப்படுகிறது. பல நேரம் வீட்டுப் பத்திரமும். கையெழுத்துப் போட்ட நொடியில், பதிவாளரிடம் கட்டணம் கட்டி வாங்கிய வரம்பு அந்த வங்கியைப் பொறுத்தவரை இல்லாமற்போகிறது. 2019-இல் மத்திய அரசு, கம்பெனிகளின் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களை நொடிப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் இலலித் குமார் ஜெயின் வழக்கில் அதை உறுதி செய்தது. கம்பெனியின் கடன் தீர்வுத் திட்டத்தில் முடிந்தாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு தானாக முடியாது என்றது. 1876-இல் இரண்டு கையெழுத்துக் கேட்ட வங்கிக்கும் இன்று ஜாமீன் கேட்கும் வங்கிக்கும் இடையில் நோக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடமானம் இல்லாமல் சிறு தொழிலுக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கு உத்தரவாதம் தர 2000-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது உண்மை. அதனால் வீட்டுப் பத்திரங்கள் பல தப்பியிருக்கும். முதலாளியின் கையெழுத்து தப்பவில்லை.

அப்படியானால் லிமிடெட் என்ற சொல்லால் சிறு தொழிலுக்கு ஒரு பயனும் இல்லையா? உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜாமீன் கேட்கும் வலு இல்லாதவர்களிடமிருந்து அது காக்கிறது. கடனுக்கு நூல் கொடுத்தவர், அட்டைப்பெட்டி கொடுத்தவர், வண்டி ஓட்டியவர் ஆகியோரின் பாக்கி கம்பெனியோடு போய்விடும். முதலாளி வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. வெளியார் மூலதனம் தேடுவோருக்கும், பங்காளியின் தவறுக்குத் தான் பிடிபடக் கூடாது என்போருக்கும் அது தேவையே. ஆனால் இதன் மறுபக்கத்தைச் சட்டப் புத்தகங்கள் சொல்வதில்லை. பெரிய கடன் கொடுத்தவர் முன்னால் விலகும் திரை, சிறிய கடன் கொடுத்தவர் முன்னால் மட்டும் தொங்குகிறது. வரம்புள்ள பொறுப்பின் செலவைத் தமிழ்நாட்டுச் சிறு தொழிலில் உண்மையில் ஏற்றுக்கொண்டிருப்பவர், முதலாளியைப் போலவே சிறிய இன்னொரு வியாபாரி. ஆடிட்டரிடம் வடிவம் பற்றிக் கேட்கப் போகும் முன் வங்கி கேட்கப்போகும் ஜாமீன் பத்திரத்தின் நகலை வாங்கி முழுக்கப் படித்துவிடுங்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று சொல்லும் 128-ஆம் பிரிவு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. கம்பெனிச் சட்டம் அதன்பின் எத்தனையோ முறை மாறிவிட்டது. அந்தப் பிரிவு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.